சவப்பெட்டிமேல் ஒரு கோழிக்குஞ்சு

ஜப்பானுக்குப் போகும் சூரை மீனுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆள் நீளத்துக்கு இருக்கும். ஐஸ் நிரப்பி, மூடி அறைந்து விமானத்தில் ஏற்றுவார்கள். ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்தில் நாங்கள் அதைச் சவப்பெட்டி என்றுதான் சொல்வோம். கிரிசாந்தோவும் நானும் ஒரே கும்பலில் சுமை தூக்கினவர்கள். பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சொல்வான்:

"செத்த மீனுக்கு எவ்வளவு மரியாதை பாரு நோப்ரே. எனக்கும் ஒண்ணு வேணும்டா. வெள்ளையா, வழவழன்னு, உள்ள துணி தைச்சது."

அவன் அப்பனைப் பாயில் சுருட்டித்தான் புதைத்தார்கள். அதை அவன் கடைசிவரை மறக்கவில்லை. அதனால்தான் பலாங்காவ் கம்பெனியின் திட்டத்தில் சேர்ந்தான். இருக்கும்போது மாதாமாதம் தவணை கட்டினால், செத்த பிறகு பெட்டி, உடம்பைப் பதப்படுத்துவது, கல்லறைக்கு வண்டி எல்லாம் கம்பெனி பொறுப்பு. அவன் சேர்ந்ததைப் பார்த்து எங்கள் கும்பலில் நாற்பது பேர் சேர்ந்தோம்.

தவணை வாங்க வருபவன் வெண்டெல். கம்பெனியின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு துறைமுக வாசலில் குடையோடு நிற்பான். கிரிசாந்தோவின் கடைசி மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அந்த உறவுமுறையில் ஒருவரை ஒருவர் "பாரே, பாரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தூக்கிப் பிடித்த கையிடம் ரசீது கேட்பவன் எங்கள் ஊரில் கிடையாது. கேட்டால் மூஞ்சியில் துப்பின மாதிரி.

மீன் வரத்து குறைந்த மாதங்களில் முதலாளிகள் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பங்காக விடும் சூரைத் தாடை மட்டும் கைக்கு வரும், சுட்டுத் தின்ன அதற்கு நல்ல கிராக்கி. அந்த மாதங்களில் வெண்டெல் சொல்வான், "காசு இல்லைன்னா என்ன பாரே? தாடையைக் குடு. நான் வித்து உன் பேர்ல கட்டிடறேன்." கொடுத்தோம். எல்லாரும் கொடுத்தோம். எங்களைத் தவிர உலகத்தில் எவனும் மீன் கொடுத்துத் தன் சவப்பெட்டியை வாங்கியிருக்க மாட்டான்.

அதில் இன்னொரு சிக்கல். பங்குத் தாடையை வெளியாளிடம் விற்கக் கூடாது என்று துறைமுகத்தில் விதி. தெரிந்தால் வாசல் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். சீட்டு போனால் பிழைப்பு போச்சு. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் வெண்டெலைக் காணோம். செபுவுக்குப் போய்விட்டான் என்றான் ஒருவன், துபாய் என்றான் இன்னொருவன். வேறு ஆள் வருவான் என்று காத்திருந்தோம். அதற்குள் கிரிசாந்தோ செத்துப்போனான்.

அன்று காலை எண்பது கிலோ மீனைத் தோளில் வைத்துக்கொண்டு, படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் பாதி தூரம் வந்தவன் நின்றான். மீனைக் கீழே போடக் கூடாது, சதை அடிபட்டால் விலை போய்விடும். அவனும் போடவில்லை. மெதுவாக முட்டி மடக்கி உட்கார்ந்து, மீனை மடியில் சாய்த்துக்கொண்டு, அப்படியே போய்விட்டான். மேஸ்திரி ஓடிவந்து முதலில் மீனைத்தான் தூக்கச் சொன்னான்.

அவன் மனைவி ரொமானா அழுவதற்கு முன்னால் திட்டப் பத்திரத்தைத் தேடி எடுத்தாள். அவளும் உழைப்பாளிதான். மூன்று சக்கர வண்டியில் மீன் கூடைகளை ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவள். என்னையும் ஏற்றிக்கொண்டு பலாங்காவ் கிளை அலுவலகத்துக்குப் போனாள்.

மேலாளர் சார்மெய்ன் இளம்பெண். அக்கா என்கிற அர்த்தத்தில் மானாங், மானாங் என்று மரியாதையாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ரெண்டு வருஷமா தவணையே வரலியே மானாங். உங்க திட்டம் செத்துப்போச்சு."

"என் புருஷன் இன்னிக்குக் காலையில செத்தான், அது எனக்குத் தெரியும். இது எப்ப செத்துச்சு? எங்க வீட்டுக்குச் சாவுச் செய்தி வரலியே?"

"நோட்டீஸ் அனுப்பினோமே. ஏஜென்ட் மூலமா."

"எந்த ஏஜென்ட்? வெண்டெலா?"

"ஆமா."

"நல்லா இருக்கே! திருடன் கையிலயே திருட்டுச் சேதியைக் குடுத்து அனுப்பினீங்களா?"

சார்மெய்ன் முகம் சிவந்தது. "அந்த ரெண்டு வருஷத்துக்கு ரசீது வச்சிருக்கீங்களா மானாங்?"

ரொமானா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கட்டினோம்," என்றாள் ரொமானா. "அவ்வளவுதான்."

"அவன் உங்களை ஏமாத்திட்டான் மானாங். எங்களையும்தான். நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான். அவன் மேல போலீஸ்ல புகார் குடுங்க."

அவள் தலைக்கு மேலே சுவரில் வெண்டெலின் படம் தொங்கியது. தோளில் குறுக்கே பட்டுப் பட்டை. 'இவ்வாண்டின் வசூல் மன்னன்' என்று கீழே பொன்னெழுத்து. ரொமானா அதைக் கையால் காட்டினாள்.

"மன்னன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. எதை வசூல் பண்ணினதுக்கு இந்தப் பட்டம் குடுத்தீங்க?"

 அடுத்த முறை போனபோது படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. சவ அடக்கக் கடைக்காரன் உடம்பைப் பதப்படுத்தி, மலிவான ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றில் வைத்து வீட்டுக்கு அனுப்பினான். அதற்கு ஈடாக ரொமானாவின் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டான். கம்பெனி ஒத்துக்கொண்டால் வண்டி திரும்பும். இல்லாவிட்டால் புருஷனோடு வண்டியும் போச்சு, சோறும் போச்சு.

வீட்டு முன்னால் பந்தல் போட்டோம். சீட்டு மேசைகள் வந்தன. சாவு வீட்டில் சீட்டாடினால் போலீஸ் கண்டுகொள்ளாது. ஜெயித்தவன் கையிலிருந்து ஒரு பங்கு சாவு வீட்டுக்குப் போகும். காப்பி, பிஸ்கட் செலவு அதிலேயே நடந்துவிடும்.

வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வட்டாரத் தலைவர், "வெண்டெல் எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடு, நான் கூப்பிட்டு விசாரிக்கறேன்" என்றார். பாதிரியார் ஜெபிக்கச் சொன்னார். என் சம்சாரம் ரேடியோவுக்குப் போகச் சொன்னாள். எங்கள் ஊரில் ஏழைக்குக் கடைசி நீதிமன்றம் ரேடியோதான். அறிவிப்பாளன் மைக்கில் கத்தினால் அதிகாரிகள் அலறுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. போனோம். அவன் ரொமானாவை உட்காரவைத்து மைக்கைப் பக்கத்தில் நகர்த்தினான்.

"கொஞ்சம் அழுங்க மானாங். அழுதாத்தான் கேக்கறவங்க மனசு இளகும்."

"அழுகை வரல தம்பி. கோவம்தான் வருது."

"கோவம் வேணாமே. வெண்டெலைப் பத்திச் சொல்லுங்க. ஞானத்தகப்பனே துரோகம் பண்ணிட்டான்னு..."

"வெண்டெல்கிட்ட நான் பெட்டி வாங்கலியே. கம்பெனிகிட்ட வாங்கினேன்."

கம்பெனி பெயரைச் சொன்னதும் அவன் விளம்பரப் பாட்டைப் போட்டுவிட்டான். அந்த நிலையத்தில் பலாங்காவுக்கும் விளம்பரம் உண்டு என்று வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் ரொமானா சந்தைக்குப் போய் ஒரு கோழிக்குஞ்சு வாங்கி வந்தாள். மஞ்சளாக, கைக்குள் அடங்கும் அளவு. பெட்டியின் கண்ணாடி மூடிமேல், கிரிசாந்தோவின் முகத்துக்கு நேர் மேலே அதை விட்டாள். சுற்றி நாலு அரிசி தூவினாள். குஞ்சு டொக் டொக்கென்று கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்தது.

சீட்டாடியவர்கள் எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கொலை செய்யப்பட்டவனின் பெட்டிமேல்தான் குஞ்சு விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசாட்சியைக் கொத்தும், அவன் தானாக வெளியே வருவான் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. இவனோ நெஞ்சு அடைத்துச் செத்தவன். ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.

"மானாங்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக, "யார் கொன்னா?"

"கொத்தட்டும். தெரியும்."

மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. மேஸ்திரிதான் அடித்துக் கொன்றான் என்றுகூட ஒரு கதை கிளம்பி, பாவம், மேஸ்திரி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மீன் தூக்கச் சொன்னவனுக்கு அது வேண்டியதுதான் என்று நான் விட்டுவிட்டேன். கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தொப்பை வைத்த மனிதர். பெயர் காபுகாய்.

"கொலைன்னு கேள்விப்பட்டேன். யாரையாவது சந்தேகப்படறீங்களா மானாங்?"

"படறேன் ஐயா. எழுதிக்குங்க. பலாங்காவ் கம்பெனி."

அவர் பேனாவை எடுத்து எழுதப்போய் நிறுத்தினார். "கம்பெனியா? கம்பெனியை எப்படிக் கைது பண்றது?"

"அதைத்தான் ஐயா நானும் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கேன். போற இடத்துல எல்லாம் வெண்டெலைப் புடி, வெண்டெலைப் புடிங்கறாங்க. கம்பெனியைப் புடிக்க ஒரு எடம் இல்லையா இந்த நாட்டுல?"

சீட்டு மேசைகளில் சிரித்தார்கள். காபுகாய் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"இருக்கு," என்றார். "எங்க அம்மாவுக்கும் இப்படி ஒரு கம்பெனி தண்ணி காட்டுச்சு. போலீஸுக்கு வந்தா நான் வெண்டெலைத்தான் தேட முடியும். அதுக்கும் நாளாகும். கம்பெனிக்கு உரிமம் குடுத்தவங்கன்னு ஒருத்தர் இருக்காங்க இல்ல? இன்சூரன்ஸ், சாவுத் திட்டம் எல்லாம் அவங்க கைக்குள்ள. மணிலாவுல பெரிய ஆபீஸ், தாவாவ்ல கிளை. வக்கீல் வேணாம். பத்திரத்தை எடுத்துக்கிட்டு நீங்களே போகலாம்."

"போனா செய்வாங்களா?"

"எங்க அம்மாவுக்கு இழுத்தடிச்சுத்தான் செஞ்சாங்க. ஆனா செஞ்சாங்க." எழுந்தவர் குஞ்சைப் பார்த்தார். "இதை எடுத்துடலாமே. ஜனங்க பயப்படறாங்க."

"பயப்பட வேண்டியவங்க இன்னும் பயப்படலியே ஐயா."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

விடிந்ததும் தாவாவ் பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தேன்: "மீன் சங்கதியைச் சொல்லிடாதீங்க மானாங். நாப்பது பேர் அனுமதிச் சீட்டு போயிடும்." ரொமானா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர், கப்பல் வேலைக்காரன் ஒருவன், கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை. நாட்டில் இவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறோம் என்று பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

எங்களைக் கூப்பிட்டவர் ஒரு வக்கீல் அம்மா. அட்டர்னி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துப் பத்திரத்தைப் படித்தார். ரொமானா சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"புகாரை வாங்கிக்கறேன். கம்பெனி பதில் சொல்லணும்னு உத்தரவு போகும். ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வச்சுப் பேசுவோம். கொஞ்சம் நாளாகும் மானாங்."

"அட்டர்னி, என் புருஷன் பொட்டியில கிடக்கறான். உடம்பு கெடாம ஊசி போட்டவன் மறுபடி வந்து போட்டுட்டுப் போயிருக்கான். இன்னும் எத்தனை நாள் உடம்பு தாங்கும்னு நீங்களே சொல்லுங்க."

 அட்டர்னி மேசைமேல் இருந்த தொலைபேசியை இழுத்து, எங்கள் ஊர்க் கிளையைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பொத்தானை அழுத்தினார்.

சார்மெய்னின் குரல் வந்தது. இனிமையான குரல். அட்டர்னி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கிரிசாந்தோவின் பெயரையும் பத்திர எண்ணையும் சொன்னார்.

"அது ரெண்டு வருஷமா நின்னுபோன திட்டம், அட்டர்னி. பணமே வரல."

"உங்க ஏஜென்ட்கிட்ட தொடர்ந்து கட்டினதா இந்தம்மா சொல்றாங்க."

"ஏஜென்ட்கிட்ட என்னமோ குடுத்திருக்கலாம். அதுக்காக மீனை எல்லாம் தவணைன்னு கணக்கு வைக்க முடியுமா, அட்டர்னி?"

 ரொமானா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

அட்டர்னி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "மீனா? இங்க யாரும் மீன்னு சொல்லலியே. எந்த மீன்?"

 தொலைபேசியில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

"மேடம், கேட்டீங்களா? எந்த மீன்னு கேட்டேன்."

"இல்ல... வெண்டெல் சில சமயம் ஆபீஸுக்குத் தாடை கொண்டு வருவார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு, அப்புறம் மேலிடத்து ஆளுங்க வந்தா... திட்டத்துல இருக்கறவங்க குடுத்ததுன்னு சொல்வார். அன்பளிப்புன்னு நெனச்சோம்."

நான் காலால் ரொமானாவின் காலை அழுத்தினேன். அவள் காலை இழுத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"அன்பளிப்பா? அட்டர்னி, எழுதிக்குங்க. மீன்தான். சூரைத் தாடை. கூலி வராத மாசமெல்லாம் என் புருஷன் அதைத்தான் குடுத்தான். எங்க புள்ளைங்க கஞ்சியில உப்புப் போட்டுக் குடிச்சுதுங்க. இவங்க சுட்டுத் தின்னுருக்காங்க!"

என் வாயும் திறந்துகொண்டது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"நானும் குடுத்திருக்கேன் அட்டர்னி. எங்க கும்பல்ல நாப்பது பேரும் குடுத்தோம்."

தொலைபேசியில் சார்மெய்ன் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அட்டர்னி, "எழுத்துல குடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதை இப்பவே தீர்த்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அவங்களுக்கும் வாதம் இருக்கும், வந்து சொல்லட்டும். ஆனா ஏஜென்ட் சட்டையில யார் பேர் போட்டிருந்துச்சோ அவங்க, 'அவனைப் போய்க் கேளு'ன்னு சொல்லிட்டுப் போக முடியாது. அதை நான் கேக்கறேன். அவசரம்னு குறிச்சு அனுப்பறேன்." கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "நடுவுல வீட்டுக்கு வந்து எதுலயாவது கையெழுத்துக் கேட்டா, படிக்காம போடாதீங்க" என்றார்.

அந்த வார்த்தை பலித்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்த மறுநாளே சார்மெய்ன் வந்தாள். பெரிய மலர் வளையம், பின்னால் அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஓட்டுநர், கையில் ஓர் உறை. பந்தலுக்குள் நுழைந்தவள் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குஞ்சு அதற்குள் கொஞ்சம் வளர்ந்திருந்தது. இறக்கை முளைக்கத் தொடங்கியிருந்தது. டொக் டொக்.

"இது... இவரை யாராவது..."

"இன்னும் தெரியல மேடம்," என்றாள் ரொமானா. "கொத்திக்கிட்டிருக்கு."

சார்மெய்ன் உட்கார்ந்தாள். உறையை நீட்டினாள். உள்ளே இருபதாயிரம் பெசோவும் ஒரு தாளும். கம்பெனியின் கருணை உதவி என்றாள். கடைக்காரனுக்குக் கொடுத்து வண்டியை மீட்டுக்கொள்ளலாம், நாளைக்கே அடக்கம் செய்துவிடலாம் என்றாள். தாளில் ஒரு கையெழுத்து போட்டால் போதும்.

"என்ன எழுதியிருக்கு? படி நோப்ரே."

படித்தேன். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், கம்பெனிமேல் இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்றும், மற்றத் திட்டதாரர்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் இருந்தது.

பணத்தை ரொமானா பார்த்தாள். நானும் பார்த்தேன். வண்டி திரும்பிவிடும். உண்மையைச் சொன்னால், நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். சீட்டு மேசையில் இருந்த எங்கள் கும்பல் ஆட்கள் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பெட்டியும் அந்தக் கையெழுத்தில் இருந்தது.

"கருணை எதுக்கு மேடம்?" என்றாள் ரொமானா. "நான் பிச்சைக்கா வந்தேன்? அவன் பொட்டி வாங்கியிருக்கான். பொட்டியைக் குடுங்க. வெள்ளைப் பொட்டி. உங்க படத்துல காட்டினீங்களே, அது."

"மானாங், விசாரணைன்னு போனா எத்தனை நாள் ஆகுமோ. அதுவரைக்கும் இவரை..."

"அவன் எங்கயும் போகமாட்டான். இவ்வளவு நாள் மீன் சுமந்தான், இப்பத்தான் படுத்திருக்கான். படுத்திருக்கட்டும்."

யாரோ ஒருவன், "சீட்டாடறவங்களுக்கும் அவசரமில்லை மானாங்!" என்றான். பந்தல் அதிரச் சிரித்தார்கள்.

சார்மெய்ன் எழுந்தாள். ரொமானா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சாவு வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போகக் கூடாது. உங்க அம்மா சொல்லிக் குடுக்கலியா?"

உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். சோறு, காடி, பச்சை மிளகாய், நடுவில் சுட்ட சூரைத் தாடை. அன்று காலை என் பங்காக வந்தது, நான்தான் கொடுத்திருந்தேன்.

"சாப்பிடுங்க மேடம். உங்களுக்குப் பழக்கமானதுதான்."

சாவு வீட்டில் கொடுத்ததைத் தள்ள யாருக்கும் தைரியம் வராது. எங்கள் ஊரில் பிறந்த பெண்தானே அவளும்.  சார்மெய்ன் விரல் நுனியால் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்க முடியவில்லை. குஞ்சு கொத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பரிதாபமாகிவிட்டது. அவளும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள்தான், தின்றது அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஆனால் நாங்கள் கொடுத்த விலைக்கு அவ்வளவு பரிதாபம் போதும்.

உறையை எடுத்துக்கொண்டு போனாள். மலர் வளையத்தை மறந்துவிட்டாள். ஆடு தின்றது.

அடுத்த வாரம் விசாரணைக்குக் கம்பெனியின் பெரிய வக்கீல் ஒருவர் மணிலாவிலிருந்து விமானத்தில் தாவாவ் வந்தார். எங்கள் பக்கம் ரொமானா, நான், கும்பலில் பதினோரு பேர். அறையில் நாற்காலி போதாமல் சுவர் ஓரம் நின்றோம். எல்லார் மேலும் மீன் வாடை. அவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அட்டர்னி, ஏசி போட்டிருக்கிறது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

பேசினார்கள், பேசினார்கள். மீன் பணமா, ஏஜென்ட் கம்பெனி ஆளா, நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா. அந்த வக்கீலுக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது. இடையில் இரண்டு முறை தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். கடைசியில் அட்டர்னி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தவணையே வரலைன்னா, வசூல் மன்னன்னு பட்டம் குடுத்தது எந்த வசூலுக்கு?"

முதல் நாள் ரொமானா கேட்ட அதே கேள்வி. பெரிய வக்கீல் வெளியே போய் மணிலாவுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். கிரிசாந்தோவின் திட்டம் உயிரோடு இருப்பதாகவே கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்றார். மற்றவர்கள் விஷயம் தனித்தனியாக, அவரவர் புகார் வந்தால்தான்.

"வரும்," என்றாள் ரொமானா.

வெள்ளைப் பெட்டி வந்தது. வழவழவென்று, உள்ளே துணி தைத்தது. ஒட்டுப்பலகையிலிருந்து அவனைத் தூக்கி மாற்றியது நாங்கள்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. எண்பது கிலோ மீனைச் சிராய்ப்பில்லாமல் இறக்கத் தெரிந்த கைகள். சவ அடக்கக் கடைக்காரன் வண்டியைக் கழுவியே திருப்பிக் கொடுத்தான்.

ஊர்வலம் நேர்வழியில் கல்லறைக்குப் போகவில்லை. முன்னால் தன் வண்டியில் போன ரொமானா, கிளை அலுவலகம் இருக்கும் தெருவில் திரும்பினாள். கம்பெனியின் சொந்தப் பிண வண்டி, பக்கவாட்டில் கம்பெனியின் வானவில் சின்னத்தோடு, அவள் பின்னாலேயே திரும்பியாக வேண்டியிருந்தது. அலுவலக வாசலில் அவள் நின்றாள். எல்லாரும் நின்றோம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. யாரும் கத்தவில்லை. அவள் ஒரே ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அனுமதிச் சீட்டு விஷயமாக மேஸ்திரி ஒரு வாரம் உறுமினான். பிறகு அடங்கிவிட்டான். நாற்பது பேரை வெளியே தள்ளினால் மீனை அவனா சுமப்பான்?

குழி மூடியதும் வழக்கப்படி குஞ்சை விட்டுவிடலாம் என்றேன். ரொமானா அதைப் பிடித்து என் கையில் வைத்தாள்.

"கொன்னவங்க ஒருத்தனுக்குத்தானே பதில் சொல்லியிருக்காங்க. நீ வச்சுக்க."

"எனக்கு எதுக்கு மானாங்? நான் இன்னும் சாகலியே."

"செத்தப்புறம் நீ எப்படிடா தாவாவுக்கு பஸ் ஏறுவ?"

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் நாற்பது பேரும் ஏறினோம். நடத்துநர் என்ன கல்யாணமா என்று கேட்டான். இல்லை, சாவு என்றோம். யாருடைய சாவு என்றான்.

"எங்களோடது" என்றேன். "ஆனா நாங்களே நேர்ல போய்ப் பேசிட்டு வந்துடறோம்."